ஐந்தாவது சுவிட்ச்

அத்தியாயம் 17

“அந்தப் பக்கம் இல்லம்மா, எலும்புப் பக்கம். அங்கதான் மெல்லிசா ஒரு தோல் ஒட்டிக்கிட்டு இருக்கும்.”

“உரிச்சாச்சுப்பா.”

“முழுசா வந்துச்சா? பாதியில கிழிஞ்சிருந்தா எத்தனை மணி நேரம் வேகவச்சாலும் ரப்பர்தான்.”

“ஒரே இழுப்புல வந்துச்சு. வேணும்னா குப்பையிலேர்ந்து எடுத்துக் காட்டவா?”

“வேணாம் தாயே. நான் கோட்டுக்கு இந்தப் பக்கமே நிக்கிறேன்.”

கோடு என்பது சமையலறை வாசலில் ஒட்டியிருந்த மஞ்சள் டேப். உள்ளே பச்சை இறைச்சி இருக்கும்போது அப்பா அதைத் தாண்டக் கூடாது. முப்பத்திரண்டு வருடம் இறைச்சிக் கடை வைத்திருந்தவர், மூக்கையும் வாயையும் முகக்கவசத்தால் மூடிக்கொண்டு, தன் வீட்டுச் சமையலறைக்கு வெளியே விருந்தாளி மாதிரி நின்றார்.

மகளின் சிறுநீரகம் அவருடைய உடம்புக்குள் போய் ஏழு மாதம் ஆகிறது. அதை உடம்பு வெளியே தள்ளிவிடாமல் இருக்க வேளை தவறாமல் மாத்திரை. அந்த மாத்திரைகள் அவருடைய உடம்பின் காவல்காரர்களை எல்லாம் தூங்க வைத்திருந்தன. எந்தக் கிருமி வந்தாலும் “யாரு?” என்று கேட்க உள்ளே ஆள் இல்லை.

மகள் விலா எலும்புகளைக் கையில் தூக்கிக் காட்டினாள். பன்றி விலா, இரண்டு முழு வரிசை. பழுப்புச் சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகு, பூண்டுத்தூள், உப்பு எல்லாம் தடவி ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருந்தவை. அவற்றைப் பானையின் உள்சுவரை ஒட்டி வளைத்து நிற்க வைத்தாள். மேலே அரைக் கிண்ணம் வினிகரும் பார்பிக்யூ சாஸும். தண்ணீர் ஒரு சொட்டு கிடையாது. கண்ணாடி மூடியைப் போட்டு, திருகைக் குறைந்த சூட்டில் வைத்தாள்.

“எட்டு, ஒன்பது மணி நேரம். யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. ஒரு தடவை திறந்தா அரை மணி நேரச் சூடு போச்சு.”

“மோந்து பாக்கலாமா?” என்றார் அப்பா.

“கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னு மோந்துக்கலாம்.”

அது ஸ்லோ குக்கர், மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பானை. போன மாதம் மகள் வாங்கி வந்தது. அப்பா அதற்கு ‘ஆமை’ என்று பெயர் வைத்திருந்தார்.

“ஆளில்லாத வீட்ல ஆமை முழிச்சிக்கிட்டு இருக்கப் போகுதா?” அப்பாவின் குரல் சற்று இறங்கியது.

“அப்பா, அது அடுப்பு இல்ல. நெருப்பே கிடையாது. நீங்கதானே எலும்பு வேணும்னு கேட்டீங்க?”

“கேட்டேன்தான். நாக்கு கேக்குது, நெஞ்சு அடிச்சிக்குது. சரி, இன்னைக்கு ஒரு நாள்.” பிறகு கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “கண்ணாடிம்மா, கேட்டுச்சா? ஆமை ஓடிக்கிட்டே இருக்கட்டும்!”

“கேட்டுச்சு மாமா” என்றாள் மருமகள், தலைமுடியை முடிந்துகொண்டே.

அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். அதனால்தான் அந்தப் பெயர். கேட்டது உண்மை. அவளுக்குக் கேட்டது, அவளுடைய கைக்குக் கேட்கவில்லை.

*

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் கடையின் பின்னறையில் ஒரு வயர் உருகிப் பாதிக் கடை எரிந்துபோனது. அப்பாவின் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை அந்த நாளின் பளபளப்பு இன்னும் இருக்கிறது. அன்றிலிருந்து, வீட்டை விட்டுக் கடைசியாகப் போகிறவர் எல்லா சுவிட்சையும் அணைக்க வேண்டும். கண்ணால் பார்த்தால் போதாது, விரலால் தொட வேண்டும். தொட்டு முடித்ததும் வாசலில் நின்று “தொட்டாச்சு” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும், கேட்க ஆள் இல்லாவிட்டாலும்.

ஃபிரிட்ஜ் சுவிட்சின் மேல் மட்டும் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். சிவப்பு என்றால் தொடாதே.

ஆமை புதுசு. அதற்குச் சிவப்பு டேப் ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை.

மருமகளின் கணவன் பஸ் ஓட்டுகிறவன்; விடிவதற்கு முன்பே போய்விட்டான். ஏழரைக்கு ஆமை ஓட ஆரம்பித்தது. எட்டு மணிக்கு மருத்துவமனை வேன் வந்து மாமாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போனது. எட்டே காலுக்கு நாத்தனார் பால் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினாள். ஒன்பதுக்கு மருமகள் கைப்பையை மாட்டிக்கொண்டு, கடைக்குத் தாமதமாகிறதே என்று யோசித்தபடி சமையலறைச் சுவரில் கையை ஓட்டினாள். டக், டக், டக், டக், டக்.

“தொட்டாச்சு” என்று காலி வீட்டுக்குச் சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டினாள்.

*

கடையில் ஷிப்ட் முடிய அரை மணி இருக்கும்போது முதலாளி, “அந்த லென்ஸ் தேய்க்கிற மெஷினை அணைச்சிடும்மா, சத்தம் மண்டையைப் பொளக்குது” என்றார்.

அவள் சுவிட்சை அழுத்தினாள். டக்.

விரல் அங்கேயே நின்றுவிட்டது.

சமையலறையில் விளக்கு ஒன்று, மிக்சி இரண்டு, கெட்டில் மூன்று, ஓவன் நான்கு. தினமும் நான்கு சத்தம். இன்று காலையில் ஐந்து.

“என்னம்மா, ஷாக் அடிச்சிருச்சா?”

“இல்ல சார். நான் கொஞ்சம் சீக்கிரம் போகணும்.”

வழியெல்லாம் ஒரே ஒரு சந்தேகத்தைக் கையில் விளக்கு மாதிரி ஏந்திக்கொண்டு நடந்தாள். ஒருவேளை நான்குதானோ? ஒருவேளை ஐந்தாவது அவளுடைய கைப்பையின் கொக்கியோ? தெரு நாய் ஒன்று அவளைப் பார்த்து எழுந்து நின்றது. எதிரில் வந்த பெண்மணி ஏதோ விசாரித்தாள். அவள் என்ன பதில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது.

கதவைத் திறந்ததும் முதலில் பட்டது வாசனை. அதாவது, வாசனை இல்லாதது.

ஆமையின் சிறிய சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அவள் மூடியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்துபோன நாற்காலி மாதிரி ஒரு வெதுவெதுப்பு. கண்ணாடிக்கு அடியில் நீர்த்துளிகள், மழையில் நின்றுபோன ரயிலின் ஜன்னல்போல. துளிகளுக்குப் பின்னால் எலும்புகள் இளஞ்சிவப்பாக, அரைகுறையாக நின்றன.

மணி ஒன்று. நான்கு மணி நேரம்.

யோசிப்பதற்கு முன்பே சுவிட்சைப் போட்டாள். திருகை அதிகச் சூட்டுக்குத் திருப்பினாள். சிவப்பு விளக்கு ஒன்றுமே நடக்காததுபோல் எரிந்தது.

அதற்குப் பிறகுதான் போனைத் தேடி எடுத்தாள். நாத்தனாருக்கு போன் போட்டாள்.

“சொல்லுங்க அண்ணி. ஆமை எப்படி இருக்கு?”

“அது... இருக்கு. சும்மா ஒண்ணு கேக்கத்தான் போட்டேன். கடையில ஒரு அம்மா கேட்டாங்க. கறி பாதி சூடாகி, அப்புறம் நாலு மணி நேரம் அப்படியே இருந்துச்சுன்னா, மறுபடி நல்லாக் கொதிக்க வச்சா சரியாயிடும்ல?”

“ஐயோ, அதைக் கீழ கொட்டச் சொல்லுங்க.”

“கொதிக்க வச்சாலுமா?”

“கொதிச்சா கிருமி சாகும் அண்ணி. அது விட்டுட்டுப் போற விஷம் சாகாது. நான் லேப்ல தினம் தட்டுல வளத்துப் பாக்கிறேனே. காலையில ஒண்ணுமே தெரியாது, மறுநாள் பாத்தா வானத்துல நட்சத்திரம் மாதிரி பூத்திருக்கும். அந்த வெதுவெதுப்பு இருக்கு பாருங்க, அதுதான் அதுக்கு மெத்தை.”

“சாப்பிட்டா என்ன ஆகும்?”

“நம்மள மாதிரி ஆளுங்கன்னா ரெண்டு மூணு மணி நேரத்துல வாந்தி, வயித்தால போகும், ஒரு நாள் படுத்து எழுந்திருப்பாங்க. அப்பா மாதிரி ஆளுன்னா...” மறுமுனையில் யாரோ கூப்பிட்டார்கள். “அந்த அம்மா வீட்ல நோயாளி யாரும் இல்லல்ல?”

“இல்ல” என்றாள் மருமகள்.

போனை வைத்த பிறகும் அந்த ‘இல்ல’ காதிலேயே நின்றது. ஏன் அப்படிச் சொன்னாள்?

காரணம் அவளுக்குத் தெரியும். போன மாதம் காலை மாத்திரையையும் இரவு மாத்திரையையும் மாற்றிக் கொடுத்தவள் அவள்தான். இரண்டு டப்பாவும் ஒரே நிறம். மாமா இரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார். அன்று கணவன் வராந்தாவில், சத்தம்கூடப் போடாமல், “உன்னை நம்பி இந்த வீட்ல எதைத்தான் குடுக்கிறது?” என்றான். மறுநாள் மன்னிப்பும் கேட்டான். மன்னிப்பு போய்விட்டது, கேள்வி மட்டும் வீட்டில் தங்கிவிட்டது. அவள் தட்டு கழுவும்போதும், துணி மடிக்கும்போதும் அது பின்னால் வந்து நிற்கும்.

கொட்டிவிடலாம். இப்போதே. பானையை அப்படியே தூக்கி...

வாசலில் வேன் சத்தம் கேட்டது.

*

“கண்ணாடிம்மா! எங்க இருக்க? இங்க வா, இதைப் படி!”

மாமா கூடத்து நடுவில் முகக்கவசம் இல்லாமல் நின்றார். ஏழு மாதத்தில் பகல் வெளிச்சத்தில் அவருடைய முழு மீசையை அவள் பார்ப்பது இதுதான் முதல் தடவை. நரைத்துப்போய், கொஞ்சம் வெட்கத்தோடு இருந்தது மீசை.

“ரத்தம் சுத்தமா இருக்காம். இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதுமாம். டாக்டர் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரும்மா. என்ன சாப்பிடலாம்னு கேட்டேன். நல்லா வெந்தது எதுவா இருந்தாலும் சாப்பிடுங்கன்னுட்டாரு.” அவர் மூக்கை உயர்த்தினார். “வாசனை வருதே! ஆமை நல்ல ஆமைதான்.”

“மாமா...”

“என்னம்மா, முகம் வெளிறிப் போயிருக்கு? ராத்திரிக்குச் சாப்பாடு மிச்சம் வேணும்னு மத்தியானம் பட்டினியா? போ, போய் ரெண்டு பிஸ்கட் தின்னு. சாயங்காலம் எலும்பு எண்ணிப் பாப்போம், யாரு ஜெயிக்கிறான்னு.”

அவள் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குத் திரும்பினாள்.

மாமா தன் அறைக்குப் போய், அலமாரிக்கு அடியில் எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு கல்லில் இரும்பு உரசும் சத்தம், சீராக, நிதானமாக. பழைய கத்தியைத் தீட்டுகிறார். எட்டு மாதமாக அவர் கத்தி பிடிக்கவில்லை.

அந்தச் சத்தத்தின் நடுவே வாசனை வளர்ந்தது. மூன்று மணிக்கு அது கூடத்துக்கு வந்தது. மூன்றரைக்கு மாடிப்படி ஏறியது. சர்க்கரையும் வினிகரும் பூண்டும் கலந்து, வீடு முழுக்க ஒரு நல்ல செய்தி மாதிரி பரவியது. அவள் மூக்கை மூடிக்கொண்டாள்.

நான்கு மணிக்கு அவள் சட்டத்தை மீறி மூடியைத் திறந்தாள். ஓரத்து எலும்பிலிருந்து விரல்நுனி அளவு பிய்த்து வாயில் போட்டு விழுங்கினாள்.

கணக்கு எளிது. ஆறரைக்குச் சாப்பாடு. விஷம் இருந்தால் அதற்குள் அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால், “எனக்கு வயிறு சரியில்ல, யாரும் சாப்பிடாதீங்க” என்று சொல்லிவிடலாம். சுவிட்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

கடிகாரத்தைப் பார்த்தபடி சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். நாலரைக்கு வயிற்றுக்குள் ஏதோ சுருண்டது. ஐந்துக்கு நெற்றி வியர்த்தது. ஆனால் மதியம் ஒரு மணியிலிருந்தே வயிறு சுருண்டுகொண்டும் நெற்றி வியர்த்துக்கொண்டும்தான் இருந்தது. இது விஷமா, பயமா? தன் உடம்பைத் தானே கேட்டுப் பார்த்தாள். அதற்கும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரிந்தது. கறி மிக ருசியாக இருந்தது.

நாத்தனாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் திருகை மறுபடியும் குறைந்த சூட்டுக்குத் திருப்பி வைத்தாள்.

*

“அப்பா! இங்க வாங்க, கோட்டுக்கிட்ட வந்து பாருங்க!”

மகள் மூடியைத் திறந்து ஒரு எலும்பை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். அது வெள்ளையாக, சுத்தமாக, உறையிலிருந்து வரும் கடிதம்போல வெளியே வந்தது. கறி அங்கேயே நின்றது.

“பாத்தீங்களா? என்ன சொன்னீங்க, ஆமைக்குப் பல்லு இல்லன்னு?”

“ஒத்துக்கிறேன், ஒத்துக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் வித்தவனுக்கு நீ சமைச்சுக் காட்டிட்ட பால்காரி.”

மகள் சிரித்தாள். பிறகு குனிந்து பானையின் உள்சுவரைப் பார்த்தாள். சாஸ் காய்ந்து கறுப்பாக ஒரு வளையம் பிடித்திருந்தது.

“லோவுல வச்சா இப்படிக் கரி பிடிக்காதே” என்றாள், யாரிடமும் இல்லாமல். பிறகு அண்ணியைப் பார்த்தாள். “அண்ணி, நீங்க திருகைத் தொட்டீங்களா?”

“நானா? இல்லையே.”

“சாஸ்ல சர்க்கரை ஜாஸ்தியா இருக்கும் விடு” என்றார் அப்பா. “சீக்கிரம் ஆகட்டும். பசி உயிர் போகுது.”

மகள் இன்னும் ஒரு நொடி அந்த வளையத்தைப் பார்த்தாள். பிறகு எலும்புகளைத் தட்டில் பரப்பி, பிரஷ்ஷால் சாஸ் பூசி, ஓவனின் மேல்தட்டில் தள்ளினாள்.

“அஞ்சே நிமிஷம் அண்ணி. சாஸ் கொப்பளிச்சுப் பளபளன்னு வந்ததும் எடுத்துடுங்க. கண்ணை எடுத்தா கரிதான். நான் கை கால் கழுவிட்டு வந்துடறேன்.”

குளியலறைக் கதவு சாத்திக்கொண்டது. கூடத்தில் கணவன் வந்து ஷூவைக் கழற்றும் சத்தம். அப்பா அவனிடம் டாக்டர் கை குலுக்கிய கதையை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.

மருமகள் ஓவன் கண்ணாடிக்கு முன்னால் மண்டியிட்டாள். உள்ளே மேல்கம்பி ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. சாஸ் முதலில் பளபளத்தது. பிறகு சின்னச் சின்னக் குமிழ்கள். ஐந்து நிமிடம்.

அவள் எழுந்திருக்கவில்லை.

கருகட்டும். முழுதாகக் கருகட்டும். கருகினால் யாரும் சாப்பிட மாட்டார்கள். திட்டுவார்கள், திட்டட்டும். கவனக்குறைவு என்று சொல்வார்கள், சொல்லட்டும். அது ஒரு சின்னக் குற்றம். அந்தச் சின்னக் குற்றத்துக்குள் பெரிய குற்றத்தை ஒளித்து வைத்துவிடலாம்.

ஏழு நிமிடம். ஓரங்கள் கறுத்தன. எட்டு. ஒரு சொட்டு கொழுப்பு கம்பியில் தெறித்துச் சட்டென்று ஒரு நீலத் தீ எழுந்தது. ஓவன் கதவின் இடுக்கிலிருந்து புகை வந்தது.

“தீ!”

அந்தக் குரலை அவள் அதுவரை கேட்டதில்லை. மாமா மஞ்சள் கோட்டை மிதித்துக்கொண்டு ஓடி வந்தார். அவளை ஒரு கையால் பின்னுக்கு இழுத்தார். மற்றக் கையால், பளபளக்கும் தழும்போடு இருந்த அந்தக் கையால், சுவரில் தடவித் தடவி நான்காவது சுவிட்சை அடித்தார். டக்.

“தொட்டாச்சு” என்றார் மூச்சு வாங்க. “தொட்டாச்சு, தொட்டாச்சு.”

அவருடைய விரல்கள் இன்னும் அவளுடைய மேல்கையைப் பிடித்திருந்தன. அவளுக்குத் தீப்பட்டுவிடக் கூடாது என்று பிடித்த பிடி.

கணவன் ஜன்னலைத் திறந்தான். நாத்தனார் ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

“அஞ்சு நிமிஷம் பாத்துக்கச் சொன்னா, அதுகூட உன்னை நம்பி...” கணவன் பாதியிலேயே நிறுத்திவிட்டான். நிறுத்தியும் பிரயோசனமில்லை. மீதியை அவள் முழுதாகக் கேட்டாள்.

“டேய், நிறுத்து” என்றார் மாமா. “மத்தியானத்துலேர்ந்து சாப்பிடாம நின்னுக்கிட்டே இருக்கா, பாவம். தலை சுத்தியிருக்கும். ஏம்மா, உனக்கு எங்கயும் சுடலையே?”

அவள் தலையை ஆட்டினாள். அவர் திட்டியிருக்கலாம் என்று இருந்தது.

நாத்தனார் தட்டை வெளியே இழுத்தாள். தார் பூசினதுபோலக் கறுப்பாக இரண்டு வரிசை. “போச்சுப்பா. எல்லாம் போச்சு. குப்பையிலதான்...”

மருமகள் கண்ணை மூடிக்கொண்டாள். மதியத்திலிருந்து முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போய் வந்தது.

“யாரு சொன்னா போச்சுன்னு?” மாமா குனிந்து பார்த்தார். கண்ணில் பழைய கடைக்காரர் வந்துவிட்டார். “மேல ஒரு தோல்தான் கருகியிருக்கு. உள்ள ஒண்ணும் ஆகல. என் கத்தியைக் கொண்டா.”

*

சாப்பாட்டு மேசையில் ஜன்னல் வழியாக மாலை வெயில் விழுந்திருந்தது. மாமா நின்றுகொண்டே வெட்டினார். கத்தி கருகலின் அடியில் ஒரு நூல் அளவு நுழைந்து, முனையிலிருந்து முனைவரை போனது. கறுப்புத் தோல் மொத்தமாக உரிந்து விழுந்தது. கீழே பழுப்பும் சிவப்புமாக, ஈரமாக, ஆவி பறக்கும் கறி. கணவன்கூட அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாத்தீங்களா?” என்றார் மாமா. “கை மறக்கல.”

ஆமாம், கை மறக்காது என்று மருமகள் நினைத்தாள். அவளுடைய கையும் எதையும் மறக்கவில்லை. காலையில் சுவர் ஓரமாக ஓடிய அந்த ஐந்து சத்தத்தையும் அது இன்னும் வைத்திருந்தது.

மாமா உட்கார்ந்தார். முதல் எலும்பைப் பிடித்து மெல்ல இழுத்தார். அது தானாக வந்தது. தட்டில் நின்ற கறியை இரண்டு விரலால் எடுத்தார்.

“இது என் பொண்ணு பேரைச் சொல்லி. உள்ள ஒண்ணு குடுத்தா, வெளியேயும் ஒண்ணு குடுக்கிறா.” மகளைப் பார்த்துக் கண் சிமிட்டினார். மகள் சிரிக்கவில்லை. அவள் அண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ‘கடையில ஒரு அம்மா’ என்று அவளுடைய உதடுகள் சத்தமில்லாமல் அசைவதுபோல் இருந்தது.

மாமாவின் கை உயர்ந்தது. மீசை விலகியது.

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்த சத்தத்தில் எல்லோரும் திரும்பினார்கள். மருமகள் எழுந்து நின்றிருந்தாள். மேசையின் குறுக்கே நீட்டிய அவளுடைய உள்ளங்கை விரிந்திருந்தது.

“மாமா, அதை வாயில வைக்காதீங்க. என் கையில குடுத்துடுங்க.”

அவர் கை பாதியில் நின்றது. சாஸ் ஒரு சொட்டு மேசை விரிப்பில் விழுந்தது.

“ஏன்னு அப்புறம் கேளுங்க, எல்லாம் சொல்றேன். இப்ப அதைக் குடுத்துடுங்க மாமா.”